கதவு கதவாகவே இருக்கட்டும்: கிருஷ்ணகிரியில் நடந்த ஓர் இடிபொருள் கலைநிகழ்வின் ஆய்வு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சென்ற மார்கழியில் இடிக்கப்பட்ட ஓர் ஓட்டு வீட்டிலிருந்து வந்த இரட்டைத் தேக்குக் கதவை, ஓவியம் தீட்ட வசதியாக இருக்கும் என்று எண்ணி, நாங்கள் நான்கு பலகைகளாக அறுத்தோம். நான்கும் நிகழ்வின் முதல் நாளிலேயே விற்றுப்போயின. அன்று இரவு கணக்கு எழுதும்போது அதை எங்கள் பெரிய வெற்றியாகவே கருதினோம். மறுநாள் காலையில் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டுக்குத் தளம் போட்டு முடித்த பிறகும், வாசலுக்குக் கதவு வைக்கப் பணம் இல்லாமல் தார்ப்பாய் கட்டியிருப்பதாகச் சொன்னார். "பழசா இருந்தாலும் பரவால்லைங்க, ஒரு சோடிக் கதவு கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் சொன்ன அளவுக்குப் பொருந்தக்கூடிய கதவு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அறுத்திருந்தோம்.

அந்த இரண்டு நாள் நிகழ்வையும், அதற்கு முன் ஏறக்குறைய ஆறு வாரம் நடந்த இடிப்புப் பணியையும், பின்னர் பொருட்கள் போய்ச் சேர்ந்த இடங்களையும் இக்கட்டுரை பதிவு செய்கிறது. இடிக்கப்படும் வீடுகளிலிருந்து மரம், ஓடு, கதவு, சன்னல், கல் ஆகியவற்றைச் சேதமின்றி எடுக்க வேண்டும். அவற்றில் ஒரு பகுதியைக் கலைப்பொருளாக்கி விற்க வேண்டும். வரும் பணத்தையும் எஞ்சும் பொருட்களையும் வீட்டைக் கட்டி முடிக்க முடியாமல் திணறும் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். இதுவே நாங்கள் வகுத்துக்கொண்ட நோக்கம். பள்ளி ஓவிய ஆசிரியர்கள், ஒரு தச்சர், ஒரு கொத்தனார், கல்லூரி மாணவர்கள், கட்டடப் பொறியாளனாகிய நான் எனச் சிறிய குழுவாகவே இருந்தோம். எங்களுக்குப் பதிவு பெற்ற அமைப்போ பெயரோ இல்லை.

இடமும் காலமும்

தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரி 9 அன்று தனி மாவட்டமான கிருஷ்ணகிரி, சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று திசைகளுக்கும் போகும் நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். மாவட்டத் தலைநகராக வளர்ந்த வேகத்திலும் சாலைகள் அகன்ற வேகத்திலும் பழைய ஓட்டு வீடுகளும் மெத்தை வீடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் கால்கோள் செய்ய மாட்டார்கள். ஆகவே தையில் கட்டத் தொடங்க நினைப்பவர்கள் அதற்கு முந்தைய வாரங்களிலேயே பழைய வீட்டை இடித்து மனையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். நாங்கள் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

இடிபொருளை மீட்பது இங்கே புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டை இடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் தேக்கையும் இரும்பையும் தமக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கூலியைக் குறைத்துக்கொள்கிறார். சில வேளை வீட்டுக்காரருக்கே பணமும் கொடுக்கிறார். தேக்கு பழைய மரக்கடைக்கும், இரும்பு காயலாங்கடைக்கும் போய்ச் சேர்கின்றன. தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பிளந்தெடுத்த கருங்கல் பலகைகளைச் சுவராகவும் வேலிக்காலாகவும் நட்டிருப்பதை இன்றும் காணலாம். அந்தக் கல்லை எவரும் குப்பையில் போடுவதில்லை, சுவராக இருந்தது துவைகல்லாகவோ வாய்க்கால் மூடியாகவோ மாறிவிடுகிறது. கைவிடப்படுபவை வேறு: வேம்பு, வாகை போன்ற நாட்டு மரங்களில் செய்த, கூரையைத் தாங்கும் கைமரங்கள், சிறு சன்னல்கள், சீமை ஓடுகள் (மங்களூர் ஓடுகள்), சுண்ணாம்புக் கட்டிலிருந்து வரும் செங்கற்கள். மரம் செங்கல் சூளைக்கு விறகாகிறது, மற்றவை ஏரிக்கரைக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் போகின்றன. எங்கள் முயற்சி இந்த இரண்டாம் வகையைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும். தேக்குக் கதவின் அழகில் மயங்கி நாங்கள் தடுமாறியதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று வீடுகள்

மூன்று வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். பணத்தைவிட நாட்களைக் கேட்பதுதான் கடினமாக இருந்தது. "ஜேசிபி விட்டா அரை நாள் வேலைங்க இது" என்று இடிப்புத் தொழிலாளர் ஒருவர் சொன்னது மிகையல்ல. சுவர் நீளம் மொத்தம் 100 அடி, உயரம் 10 அடி, கனம் 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அது 1,250 கன அடிச் செங்கல் கட்டு; கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ எனக் கணக்கிட்டால் 60 டன்னைத் தாண்டும். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரே நாளில் 20 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குவோரைப் பெரிய அளவில் கழிவு உண்டாக்குவோராக வகைப்படுத்தி, கான்கிரீட், மண், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் சாந்தும் என நான்காகப் பிரிக்கச் சொல்லின. சிறிய ஓட்டு வீட்டை இயந்திரம் கொண்டு ஒரே நாளில் சாய்த்தாலே அந்த வரம்பு எட்டிவிடும் என்பதை அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை நானும் அப்படி யோசித்ததில்லை.

கையால் பிரிப்பது என்பது கட்டிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவது. முதலில் முகட்டு ஓடு, பிறகு மேலிருந்து தாழ்வாரம் வரை ஓட்டு வரிசைகள், அடுத்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், கைமரம், வளை, உத்திரம், இறுதியாகச் சுவர். சீமை ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 பிடிக்கும், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே ஒருவர், ஏணியில் ஒருவர், தரையில் ஒருவர் என்று கைமாற்றி இறக்கினால்தான் உடையாது. உத்திரத்தைப் பொறுத்தவரை எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் குழுவின் தச்சர். மரம் நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் புதைந்த முனையில்தான் கெடுகிறது என்றார் அவர். சுவரின் ஈரம் அங்கேதான் தங்குகிறது, கரையானும் அங்கிருந்தே ஏறுகிறது. உளியின் நுனியால் குத்திப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் பொத்தென்று வந்த இடம் வரை அறுத்துத் தள்ளினார். இரண்டு பக்கமும் ஓர் அடி போனதில் 12 அடி உத்திரம் 10 அடி ஆயிற்று. அந்தப் பத்து அடி இழைப்புளி பட்டதும் புது மரம் போல மணத்தது.

செங்கல்லில் வயது நமக்குத் துணை நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. கொத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும், கல் முழுதாக வரும். சிமெண்டுச் சாந்து பெரும்பாலும் கல்லைவிடக் கடினமாக இறுகிவிடுவதால், பிரிக்கும்போது சாந்துக்குப் பதில் கல்லே பிளக்கிறது. மூன்று வீடுகளில் இரண்டு சுண்ணாம்பிலும், மூன்றாவது சிமெண்டிலும் கட்டப்பட்டவை; மூன்றாவது வீட்டில் முழுக் கல் என்று சொல்லும்படி மிகக் குறைவாகவே தேறியது. உடைந்ததைச் செங்கல் ஜல்லியாக்கி, மொட்டைமாடித் தளத்தில் சுண்ணாம்போடு கலந்து போடும் பழைய முறைக்குக் கொடுத்தோம். தளக் கம்பிகளை மறுபடி நிமிர்த்திப் புதுத் தளத்துக்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வளைந்து, துருவேறி, நிமிர்த்தப்பட்ட கம்பியின் வலிமைக்கு எவரும் பொறுப்பேற்க முடியாது என்பதால் மறுத்து, காயலாங்கடைக்கே அனுப்பினோம். மீட்பு என்ற ஆர்வத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருந்தேன்.

இரண்டு பொருட்களை மறுபயன்பாட்டுக்கு எடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தோம். மூன்றாவது வீட்டின் பின்கட்டில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைக்காமல், அறுக்காமல், நனைத்து முழுதாக இறக்கி ஓரமாக வைத்தோம். அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு. மற்றொன்று, எழுத்தோ உருவமோ செதுக்கிய கல். தகடூர் நாடு என்று பழம்பெயர் பெற்ற இந்தப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் போனது. வயலோரத்திலும் வீட்டுப் படியிலும் அவை கிடைப்பது உண்டு. நூறு ஆண்டைத் தாண்டிய அத்தகைய பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பதால், அப்படி ஏதேனும் தென்பட்டால் அசைக்காமல் வருவாய்த் துறைக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவிப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எங்கள் மூன்று வீடுகளிலும் அப்படி ஒன்றும் வரவில்லை.

வாசக்காலுக்குக் கீழே

பழையபேட்டை வீட்டின் வாசக்காலைப் பெயர்த்த காலையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டுக்காரப் பெரியம்மாவின் மனம் மாறியது அங்கேதான்.

அதுவரை அவர் எங்களை நம்பியும் நம்பாமலும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசக்காலை எடுக்க வேண்டாம் என்பதே அவர் எண்ணம். "இடிஞ்ச வீட்டு வாசக்கால இன்னொரு வீட்டுல வெக்கக் கூடாது கண்ணு" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். தச்சர் மறுத்துப் பேசவில்லை. சுவரில் புதைந்த இரும்புப் பிடிகளைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரண்டினார். மேல்சட்டத்துக்கு மேலே இருந்த செங்கல் வளைவுக்கு முட்டுக் கொடுத்தார். கீழ்ச்சட்டத்துக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பினார். படி ஓர் அங்குலம் எழும்பியதும் கையைக் காட்டி எங்களை நிறுத்தச் சொல்லி, குனிந்து விரலால் மண்ணைத் துழாவினார். கறுத்துப்போன ஒரு செம்புக் காசு கிடைத்தது, நடுவில் ஓட்டை. வேட்டி முனையில் தேய்த்ததும் வட்டத்தின் ஓரத்தில் எழுத்து தெரிந்தது: ஓட்டைக் காலணா. அந்தக் காசு 1943 முதல் 1947 வரை மட்டுமே அச்சிடப்பட்டது. நிலை வைக்கும் நாளில் நவதானியத்தோடு காசு வைப்பது வழக்கம் என்பதால், அந்த வாசக்கால் அந்த ஆண்டுகளிலோ சற்றுப் பின்னரோ நின்றிருக்க வேண்டும்.

தச்சர் காசை இரண்டு கையாலும் பெரியம்மாவிடம் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தம் மாமனார் வைத்ததாக இருக்கும் என்றார். சிறிது நேரம் கழித்து, புது வீட்டு நிலைக்குக் கீழே இதே காசை வைப்பதாகவும், மரத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: வாசக்காலாக வேண்டாம், வேறு எதுவாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். அதை மதித்து அந்த மரத்தைச் சன்னல் சட்டமாகவும் ஒரு பெஞ்சாகவும் இழைத்தோம். இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பிறர் வீட்டை இடிக்கும்போது அவர்கள் சொல்லைக் கேட்பது மரியாதை என்றே நான் நினைக்கிறேன். கேட்டதால் மரத்துக்கும் குறைவு வரவில்லை. ஆனால் அவர் வாசக்காலைப் பற்றித்தான் சொன்னார், கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நாங்கள் கவனிக்கவில்லை. வாசக்கால் போனால் கதவும் போனது போலத்தான் என்று எங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டோம். அந்தத் தேக்குக் கதவு ஓவியப் பலகையானது அப்படித்தான்.

பொருள் கலையாவது

ஓவியர்கள் கையில் பொருள் போவதற்கு முன் ஒரு வாரம் தச்சரும் மாணவர்களும் சுத்தம் செய்தார்கள். ஆணியைப் பின்பக்கமாகத் தட்டித் தள்ளிப் பிடுங்குவது, மரத்தை வெயிலில் காய வைப்பது, பூச்சி அரித்த இடத்தில் போராக்ஸ் கரைசல் பூசுவது, வெளியில் நிற்கப்போகும் மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது ஆகியவை எல்லாம் மரவேலை தெரிந்தவர்களுக்குப் புதியவை அல்ல. பெயிண்டைப் பற்றி மட்டும் எங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளப்பான எனாமல் பூச்சுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும். ஈயத் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஆகவே பழைய பூச்சை உப்புத்தாள் கொண்டு உலரத் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும், சுரண்டியதைக் கட்டித் தனியே வைக்க வேண்டும் என்று விதித்தோம். தொட்டில், விளையாட்டுப் பொருள், பள்ளி மேசை ஆகியவற்றுக்குப் பூச்சு இருந்த எந்த மரத்தையும் எடுக்கவில்லை. மாணவி ஒருவர் பச்சைப் பூச்சு பாதி உதிர்ந்த சன்னலை அப்படியே வைத்து அழகாக ஒரு படச்சட்டம் செய்திருந்தார். மனமில்லாமல்தான் அதற்கு மேல் நிறமற்ற வார்னிஷ் பூசி மூடச் சொன்னேன்.

கலைப்பொருட்களில் மூன்றைக் குறிப்பிடுவேன். கைமரத் துண்டுகளையும் கீல்களையும் கொண்டு ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆளுயர எருது ஒன்றைச் செய்தார். தை மாதத்தில் எருது விடும் விழாவைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை, திமில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவர்களே திருத்தம் சொன்னார்கள். இரண்டாவது, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்துச் செய்த புள்ளிக் கோலம். மூன்றாவதை எவரும் செய்யவில்லை: முழு ஓடுகளில் சிலவற்றை ஓவியம் எதுவும் தீட்டாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தோம், அவ்வளவுதான். அவற்றின் பின்புறத்தில் தொழிற்சாலைப் பெயரும் ஊர்ப் பெயரும் அச்சாகியிருந்தன. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பு மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியில் பெருகிய அந்தத் தொழில், நம் ஊர்க் கூரைகள் வரை வந்து சேர்ந்ததை அந்த முத்திரைகளே சொல்லின. வந்தவர்கள் ஒவ்வோர் ஓடாகத் திருப்பிப் படித்தார்கள். நாற்பது ஆண்டாகத் தம் வீட்டுக் கூரைக்குக் கீழே படுத்து எழுந்த ஒருவர், அதில் எழுத்து இருப்பதையே அன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார்.

மண்டியில் இரண்டு நாள்

மாங்காய் மண்டி ஒன்றின் கிடங்கை உரிமையாளர் வாடகையின்றிக் கொடுத்தார். மாம்பழப் பருவம் தவிர்த்த மாதங்களில் அது காலியாகவே கிடக்கும். உயரமான தகரக் கூரை, லாரி பின்னோக்கி வந்து நிற்கும் மேடை, எடைத்தராசு ஆகியவை இருந்ததால் உத்திரங்களை ஏற்றி இறக்க அதைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது. ஒரு பக்கம் கலைப்பொருட்கள், மறுபக்கம் எந்த மாற்றமும் செய்யாத கதவு, சன்னல், ஓடு, மரம் என்று பிரித்தோம். இந்த இரண்டாம் பக்கத்துக்கு எங்களுக்கு வழிகாட்டியவை, வீடு கட்ட உதவும் தொண்டு நிறுவனமான ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டியின் கடைகள். 1991-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கிய அவை, நன்கொடையாக வந்த கட்டுமானப் பொருட்களை விற்று அந்தப் பணத்தை வீடு கட்டுவதற்குச் செலவிடுகின்றன.

முதல் நாள் வந்தவர்கள் பெரும்பாலும் கலைப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் விலை கேட்டு வாங்கினார்கள். இரண்டாம் நாள் கூட்டமே வேறாக இருந்தது: கொத்தனார்கள், பாதி கட்டிய வீட்டுக்காரர்கள், மாட்டுக்கொட்டகைக்கு ஓடு தேடியவர்கள். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். "அண்ணா, இது மூணடி வருமா?" என்ற கேள்வியே அன்று முழுவதும் கேட்டது. பல சன்னல்களில் அளவு எழுதி ஒட்டாததால் நாங்கள் ஒவ்வொன்றையும் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. ஓவியங்களுக்கு அழகான எழுத்தில் பெயர்ச்சீட்டு எழுதிய நாங்கள், கதவுக்கு அகலமும் உயரமும் எழுதாமல் விட்டதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். மாலையில் நடந்த தெருக்கூத்துக்குப் பழைய கதவுகளை நிறுத்திப் பின்திரை அமைத்தோம். கூத்து விடியும் வரை நடந்தது, கதவுகளில் இரண்டு காலையில் அங்கிருந்தே விலை போயின.

கலைப்பொருட்கள் தந்த பணம் இடிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போக ஓரளவே மிஞ்சியது. மாற்றம் செய்யாத பொருட்களின் மதிப்பை ரூபாயில் எழுதினால் சிறிதாகத்தான் தோன்றும். ஆனால் அவற்றை எடுத்துப் போனவர்கள் கடையில் புதிதாக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று தச்சரோடு உட்கார்ந்து கணக்கிட்டபோது, அது கலை விற்பனையைத் தாண்டியது. அறச்செயல் என்று நாங்கள் நினைத்தது ஒரு பக்கம் நடந்தது, அறம் பெருமளவில் விளைந்தது மறுபக்கம்.

அறுத்த கதவு

காவேரிப்பட்டினத்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, "சரிங்க, வேற ஏதாச்சும் வந்தா சொல்லுங்க" என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை குழு கூடியபோது சிலர், அந்தக் கதவு நல்ல விலை தந்ததே, அந்தப் பணத்தில் புதுக் கதவு வாங்கிக் கொடுக்கலாமே என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் நாங்கள் ஊருக்குச் சொல்ல வந்தது மீட்டதை மீண்டும் பயன்படுத்துங்கள் என்பதல்லவா? நல்ல நிலையில் இருந்த ஒரு கதவைக் கதவாக இருக்க விடாமல், சுவரில் மாட்டும் பொருளாக்கிவிட்டு, அதற்கு மாற்றாகப் புது மரத்தில் ஒரு கதவு செய்யச் சொல்வது நம் நோக்கத்துக்கே முரண் என்பது என் வாதம். தச்சர் என் பக்கம் இருந்தார். அவருடைய காரணம் இன்னும் நேரடியானது: அந்தக் கதவின் பொருத்துகள் ஆணியின்றிக் குடைந்து சேர்த்தவை, ரம்பம் வைத்தபோதே தமக்கு மனம் ஒப்பவில்லை, நாங்கள் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை என்றார்.

இந்தக் கேள்விக்கு முன்னோடிகளின் பணியிலேயே விடை இருக்கிறது. சண்டிகரில் நேக் சந்த் 1957 முதல் மறைவாகச் செய்யத் தொடங்கி, 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டம், அந்த நகரத்தைக் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளால் ஆனது. அங்கே உடைந்த பீங்கான், வளையல் துண்டு, ஓட்டுச்சில் என்று இனி எதற்கும் உதவாதவையே சிலைகளாயின. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பழைய கதவுகளையும் சன்னல்களையும் புது வீடுகளில் கதவுகளாகவும் சன்னல்களாகவுமே வைத்துக் கட்டினார். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து வீடுகளாகவே எழுப்பியிருக்கிறார்கள். பயன் தீர்ந்தது கலைக்குப் போனது, பயன் தீராதது பழைய வேலைக்கே திரும்பியது. இந்த வேறுபாட்டைப் பற்றி முன்பே யோசிக்காமல், அழகாக இருப்பது எல்லாம் ஓவியருக்கு, மற்றவை எல்லாம் வீட்டுக்கு என்று பிரித்ததே எங்கள் பிழை. அழகான கதவு பெரும்பாலும் உறுதியான கதவாகவும் இருக்கிறது என்பதால், எங்கள் பிரிப்பு முறை நல்ல பொருளை எல்லாம் வீடு கட்டுபவர்களிடமிருந்து விலக்கிவிட்டது.

ஆகவே வரிசையை மாற்றினோம். இறக்கிய பொருளை முதலில் தச்சரும் கொத்தனாரும் பார்ப்பார்கள். அதே வேலைக்கு ஆகும் என்றால் அளவெழுதி வீட்டுப் பக்கம் வைப்பார்கள். அறுத்துச் சிறிதாக்கினால் வீட்டு வேலைக்கு ஆகும் என்பது அடுத்தது. இரண்டுக்கும் ஆகாததே ஓவியருக்குப் போகும். ஓவியர்கள் வருந்துவார்கள் என்று பயந்தேன். கோலம் செய்தவர், உடைந்த ஓடுதான் தமக்கு வேண்டும் என்றும், முழு ஓட்டை உடைக்கச் சொன்னபோது கை நடுங்கியது என்றும் சொன்னார்.

பழைய கதவைப் புது வீட்டில் பொருத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் மானியத்தோடு கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதிலும் மற்றப் புது வீடுகளிலும் கதவு மட்டம் வழக்கமாக ஏழு அடி. பழைய வீட்டுக் கதவுகள் பலவும் தலை குனிந்து நுழையும் உயரமே உடையவை. பழைய சுவர் கனமானது, அதற்கேற்ற அகலமான சட்டம் புது ஒன்பது அங்குலச் சுவரில் துருத்தி நிற்கும். இதற்கு எங்கள் கொத்தனார் கண்ட வழி எளிது: உயரக் குறைவை மேலே ஒரு காற்றுச் சன்னல் வைத்து நிரப்புவது, அகலமான சட்டத்தை நெடுக்கில் அறுத்து இரண்டு சட்டமாக்குவது. மேல் சன்னலால் சிறிய வீட்டுக்குள் வெளிச்சமும் கூடுதலாக வந்தது.

பங்குனியில் தருமபுரிச் சாலையோரம் ஒரு வீட்டுக்காரர் எங்களை அழைத்தார். கூத்துக்குப் பின்திரையாக நின்ற கதவுகளைப் பார்த்தவர் அவர். ஐந்து நாள் அவகாசம் கொடுத்தார். அங்கிருந்து வந்த வேப்பமரக் கதவு ஒற்றைக் கதவுதான், தேக்கும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. நாதாங்கி மட்டும் கனமான நாட்டு இரும்பு. பூச்சை நனைத்துச் சுரண்டி, எண்ணெய் தடவி, மேலே இரண்டு பழைய சன்னல் கம்பிகளைக் கொண்டு ஒன்றரை அடிக் காற்றுச் சன்னல் செய்து, காவேரிப்பட்டினத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனோம். தார்ப்பாயைக் கழற்றிய அந்த அம்மா, நாதாங்கியை இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், எங்களுக்கு டீ வைத்துக் கொண்டுவர மறுபடி திறந்தார்.